அளவு ரவிக்கை போன ஊர்களுக்கு நானும் போனேன்

வாரப் பத்திரிகையில் வருகிற பயணக் கட்டுரைகளை நான் ஒன்று விடாமல் படிப்பேன். தைக்க வருகிற மாமிகள் படித்து முடித்ததும் என் கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். லண்டன் குளிர், பாரிஸ் காப்பி, சுவிட்சர்லாந்து பனி எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுதுகிறவர்கள் டாக்டர், வக்கீல், இன்ஜினீயர், சபாவில் பாடுகிறவர். ஒரு கட்டுரையிலாவது ஒரு டைலர் ஊர் சுற்றிப் பார்த்ததாக வந்ததில்லை. வந்தாலும், ஹாங்காங்கில் ஒரே நாளில் கோட்டு தைத்துக் கொடுத்தவனாக நாலு வரியில் வந்துவிட்டுப் போவான். அந்தக் கோபத்தில்தான் நான் கிளம்பினேன். வேறு காரணம் கேட்காதீர்கள், கிடையாது.

என் பெயர் ரத்னா. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. கடை என்றால் ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு நிலைக்கண்ணாடி. ரவிக்கை மட்டும்தான் தைப்பேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. பிள்ளை குட்டி இல்லை. புருஷன் இருந்தார், பம்பாய்க்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அவர் போட்ட இரண்டு வளையலை விற்றுத்தான் கப்பல் டிக்கெட் எடுத்தேன். அவர் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான்.

மயிலாப்பூரில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கல்யாணமாகி வெளிநாடு போகும்போது, தனக்குக் கச்சிதமாகப் பொருந்துகிற ஒரு ரவிக்கையை டைலரிடம் விட்டுவிட்டுப் போவாள். அதற்குப் பெயர் அளவு ரவிக்கை. அப்புறம் தீபாவளி, பொங்கல் என்றால் அம்மா புடவை எடுத்து, அந்த அளவுக்கு ரவிக்கையும் தைத்து, அந்தப் பக்கம் போகிறவர்கள் யார் கையிலாவது கொடுத்தனுப்புவாள். என் தகரப் பெட்டியில் அப்படி ஒன்பது ரவிக்கைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் விலாசம் எழுதிய சீட்டை ஊசியால் குத்தி வைத்திருப்பேன். ஒரு நாள் அந்தச் சீட்டுகளைப் படித்துக்கொண்டே இருந்தேன். நான் தைத்த துணியெல்லாம் கப்பல் ஏறிப் போகிறது, நான் லஸ் முனையில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். இது என்ன நியாயம்?

பழைய புத்தகக் கடையில் ஒரு பள்ளிக்கூட அட்லஸ் வாங்கி வந்தேன். இஞ்சு டேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். மெட்ராஸிலிருந்து பினாங்கு ரெண்டே கால் அங்குலம். பினாங்கிலிருந்து சிங்கப்பூர் முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. சட்டைக்கை வைக்கிற துணி நீளம்கூட இல்லை. இதற்கா இத்தனை பேர் இத்தனை பெருமை அடித்துக்கொள்கிறார்கள் என்று இருந்தது.

ஆனால் கையில் எட்டு டாலருக்கு மேல் எடுத்துப் போக சர்க்கார் விடாது. எட்டு டாலரில் எத்தனை ஊர் பார்க்க முடியும்? அதற்குத்தான் ஒரு யோசனை செய்தேன். பினாங்கு வசந்தாவுக்கும், கோலாலம்பூர் கௌரிக்கும், சிங்கப்பூர் மீனாவுக்கும் கடிதம் போட்டேன். மூவரும் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து எனக்குத் தெரிந்த பெண்கள், என் கடையில் ஒருத்திக்கொருத்தி சிநேகமானவர்கள். 'உங்கள் வீட்டில் மெஷின் இருக்கிறதல்லவா? ஒரு நாளைக்கு மூன்று ரவிக்கை தைத்துத் தருகிறேன். தங்க இடமும் சாப்பாடும் தந்தால் போதும். காலையில் தைப்பேன், மத்தியானம் ஊர் பார்ப்பேன்.' மூன்று பேரும் மறு தபாலிலேயே 'உடனே வாருங்கள்' என்று எழுதிவிட்டார்கள். அந்த அவசரத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வசந்தாவின் அம்மா பங்கஜம் மாமி அபிராமபுரத்திலிருந்து ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏண்டி ரத்னா, மலேயாவுக்கு வேலைக்குப் போறியாமே?"

"வேலைக்கு இல்ல மாமி. பாக்கப் போறேன்."

"யாரை?"

"ஊரை."

"ஊர்ல என்னடி இருக்கு பாக்கறதுக்கு? வசந்தாதான் எழுதறாளே, அங்கேயும் ரோடு, வீடு, கோயில்தானாம்."

"அப்ப நீங்க காசிக்கு இன்னாத்துக்கு மாமி போனீங்க? அங்கயும் தண்ணிதானே ஓடுது?"

மாமி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு ஜாடி வடுமாங்காயைக் கொண்டுவந்து வைத்து, "சாயாம எடுத்துண்டு போ" என்றாள். மாமியின் கோபத்துக்கு ஆயுள் அவ்வளவுதான்.

பாஸ்போர்ட்டுக்கு அலைந்த கதையைச் சொன்னால் அதுவே ஒரு புத்தகமாகும். ஓர் ஆபீஸில் ஒரு குமாஸ்தா, "கணவர் சம்மதக் கடிதம் எங்கேம்மா?" என்று கேட்டார். "அவரு எங்க கீறாருன்னு தேடிக் கண்டுபுடிங்க சார், கையோட எனக்கும் சொல்லுங்க" என்றேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். குமாஸ்தாவுக்கு வந்ததே கோபம், மூன்று நாள் இழுத்தடித்தார். நான்காம் நாள் டிபன் டப்பாவோடு போய் அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றைக்குச் சாயங்காலமே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

துறைமுகத்தில் பெட்டி தூக்கியவன் கேட்டான்.

"இன்னாக்கா, மலேயாவா? புருசன் கீறாரா அங்க?"

"இல்ல."

"அண்ணன் தம்பி?"

"இல்ல."

"அப்ப அங்க யாருதான் கீறாங்க?"

"யாரும் இல்லப்பா. ஊரு கீதுல்ல?"

அவன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். பிறகு பேசிய கூலியில் நாலணா குறைத்து வாங்கிக்கொண்டான். பைத்தியம் என்று நினைத்திருப்பான். கிடைத்த வரைக்கும் லாபம்.

கப்பலில் எனக்கு வெறும் தளத்தில்தான் இடம், கேபின் கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. நாகப்பட்டினத்தில் ஏறிய கூட்டத்தில் என் பாய்க்கும் அடுத்த பாய்க்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. முதல் இரண்டு நாள் வாந்தி எடுத்தே செத்தேன். நொச்சிக்குப்பத்துக் கரையில் நின்று எத்தனையோ தடவை கடலைப் பார்த்திருக்கிறேன். அதன் மேல் உட்கார்ந்தால் இந்தப் பாடு படுத்தும் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துப் பாய் பாத்திமாக்கா நாகூர்க்காரர். எலுமிச்சம்பழத்தைக் கீறி மூக்கில் வைத்து, "மோந்துக்கிட்டே படுங்க, செத்துட மாட்டீங்க" என்றார். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து சாம்பார் சோறு கேட்டு வாங்கித் தின்றேன். அந்தச் சாம்பாருக்கு வாந்தியே தேவலை.

பினாங்கில் இறங்கியதும் வசந்தா காத்திருந்தாள். "வாங்கோ ரத்னாக்கா!" என்று கட்டிக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கொடி மாதிரி போன பெண். அந்த அளவு ரவிக்கை இப்போது அவள் ஒரு கைக்குத்தான் காணும். அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, பழைய அளவில் வந்த ரவிக்கைகளையெல்லாம் ஒரு பீரோ நிறைய மடித்து வைத்திருந்தாள்.

"ஏன் கண்ணு, ஒரு கடுதாசி போட்டிருந்தா அளவ மாத்தித் தைச்சிருப்பேனே?"

"அம்மா கவலைப்படுவா ரத்னாக்கா. நான் அப்படியே இருக்கேன்னு நெனைச்சுண்டு இருக்கட்டுமே."

வீட்டுக்குள் போனால் கூடத்தில் ஆறு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் மடியிலும் துணிப் பை. மெட்ராஸிலிருந்து டைலர் வருகிறாள் என்று வசந்தா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். "பசியாறியாச்சா?" என்று விசாரித்துவிட்டு ஒவ்வொருத்தியாகத் துணியை எடுத்து நீட்டினார்கள்.

இங்கேதான் என் புத்தி கெட்டது. இருபது வருஷமாக எந்தத் துணியையும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. துணியை நீட்டினால் கை தானாக வாங்கிக்கொள்ளும், வாய் தானாக "நாளைக்கு வாங்க" என்று சொல்லும். எங்கள் தொழிலில் 'நாளைக்கு' என்பது வணக்கம் சொல்வது போல. மயிலாப்பூரில் யாரும் அதை நம்பி மறுநாள் வர மாட்டார்கள். ஒரு வாரம் கழித்து வந்து சண்டை போடுவார்கள், நானும் சண்டை போடுவேன், அதற்கடுத்த நாள் ரவிக்கை தயாராகும். அதே பழக்கத்தில் பினாங்கிலும் இருபத்திரண்டு துணியை வாங்கிக்கொண்டு இருபத்திரண்டுக்கும் 'நாளைக்கு' சொன்னேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எல்லாரும் வந்து நிற்கிறார்கள்! கையில் குடை, முகத்தில் சிரிப்பு. ஒருத்தி முகத்திலாவது சந்தேகம் இல்லை. எனக்கு மானம் போயிற்று. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நான், யாரைக் குறை சொல்ல? உட்கார்ந்தேன். நான்கு நாள் மெஷினை விட்டு எழவில்லை. வசந்தா வேளாவேளைக்குச் சோறு போட்டாள், காப்பி போட்டாள், விசிறிவிட்டாள்கூட. ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவரும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு பூனையும் தெரியும். நான் பார்த்த பினாங்கு அவ்வளவுதான். சுவர் இளநீலம், பூனை கறுப்பு.

நாலாம் நாள் நான்கு துணி மிச்சம். "திரும்பி வரும்போது கப்பல் இங்க நிக்கும், தைச்சுக் கொண்ணாந்து தரேன்" என்று எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டேன். கூலி வாங்கினால் சட்டத்துக்கு விரோதம் என்று அந்தப் பெண்கள் பணத்தை வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுத்தார்கள். வெற்றிலை வாங்குவதற்கு எந்த ஊரிலும் தடை இல்லை.

கோலாலம்பூருக்குப் போகிற வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். இனி ஒரு நாளைக்கு மூன்றுதான், நாலாவது துணியைத் தொட்டால் கையை வெட்டிக்கொள்வேன் என்று சபதம் செய்தேன்.

கௌரி தி.நகர் ஜவுளிக் கடைக்காரர் மகள். பூர்வீகம் தெற்கத்திச் சீமை. புகுந்த வீட்டிலும் ஜவுளிக் கடைதான். வீடு பெரிது, சாப்பாடு அமோகம். முதல் நாள் ராத்திரி நண்டு வைத்தாள் பாருங்கள், பத்து வருஷத்துக்கு மறக்காது. மறுநாள் காலை மூன்று ரவிக்கை தைத்து, பித்தான் காஜா எல்லாம் முடித்து, மத்தியானம் தலையை வாரிக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

"எங்கக்கா கெளம்பிட்டீக?" என்றாள் கௌரி. அவள் பின்னால் நாலு பெண்கள், நாலு மூட்டை.

"ஊரு பாக்க."

"ஊரா? இந்தா, இவுகல்லாம் காலையிலேருந்து காத்துக் கெடக்காக. மொதல்ல இதத் தச்சுக் குடுத்துருங்க."

"கடுதாசில எழுதினேனே கௌரி. காலைல தைப்பேன், மத்தியானம் பாப்பேன்."

கௌரிக்கு முகம் சுருங்கிவிட்டது. வந்தவர்கள் முன்னால் நான் மறுத்துப் பேசியது பிடிக்கவில்லை. "ஏன்க்கா, ஊரு பாக்கதுக்கு நீங்க என்ன பெரிய ஆபீசரா? தையக்காரிக்கு ஊரு எதுக்கு? சோறு போட்டு மெத்தை விரிச்சுக் குடுத்தா, உண்ட வீட்டுக்கு ரெண்டகமா?" என்றாள்.

அவளுடைய முதல் தாவணிக்கு ரவிக்கை தைத்தவள் நான். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "ரத்னாக்கா, நல்லாருக்கா?" என்று கேட்ட பெண் இது. வலித்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

"உண்ட சோத்துக்கு மூணு ரவிக்கை மெஷின் மேல கீது. எண்ணிக்க" என்றேன். "நேத்து ராத்திரி நண்டுக்குத் தனியாக் கொக்கி போட்டுத் தரட்டுமா?"

பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். வாசலைத் தாண்டின பிறகுதான் கணக்குப் போட்டேன். தெரியாத ஊர், தெரியாத பாஷை, சிங்கப்பூரிலிருந்து கப்பல் கிளம்ப இன்னும் ஆறு நாள். தலைக்கு மேல் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? பஸ் நிலையம் எங்கே என்று நாலு பேரிடம் கேட்டு நடந்தேன். அந்த நடையில் பார்த்ததுதான் கோலாலம்பூர். ரயில்வே ஸ்டேஷனை மசூதி என்று நினைத்துக் கும்பிட்டேன். ஒரு சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை.

சிங்கப்பூர் பஸ் வழியில் மலாக்காவில் நின்றது. எல்லாரும் சாப்பிட இறங்கினார்கள். நானும் இறங்கினேன். ஒரு சீனப் பெண் வண்டிக் கடையில் குழம்புக்குள் நூடுல்ஸ் மிதந்தது. பேர் தெரியாமல் கையைக் காட்டி வாங்கினேன். தேங்காய்ப்பால், மிளகாய், நெத்திலி வாசனை. எங்கள் வீட்டுக் குழம்புக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருந்தது. இன்னொரு கிண்ணம் வாங்கினேன். அந்தப் பெண் அடுத்த கடைக்காரியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ் லாரி டிரைவர் மொழிபெயர்த்தார்: "இவ்வளவு ஒல்லி உடம்புல எங்க போகுதுன்னு கேக்குறாங்கம்மா."

சிரித்து முடித்துத் திரும்பினால் பஸ்ஸைக் காணோம். நல்லவேளை, பெட்டி என் காலடியில் இருந்தது. லாரிக்காரர் பதறினார். அடுத்த பஸ் சாயங்காலம்தானாம். எனக்குப் பதற்றமே வரவில்லை. கையில் ஒரு மத்தியானம் முழுசாக இருக்கிறது, யாரும் துணியோடு காத்திருக்கவில்லை. லாரிக்காரரிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டு நடந்தேன். சிவப்புக் கட்டடங்கள், ஆறு, இடிந்த கோட்டை வாசல், மேட்டின் மேல் கூரையில்லாத ஒரு பழைய சர்ச். உள்ளே பெரிய பெரிய கல்லறைக் கற்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெளியே புல்லில் உட்கார்ந்தேன். கீழே கடல். எத்தனை நேரம் உட்கார்ந்தேன் என்று தெரியாது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. கை மட்டும் கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை மடித்து மடித்து அளந்துகொண்டிருந்தது, அப்புறம் அதுவும் அடங்கியது. வீடும் கொடுக்காத, துணியும் நீட்டாத ஊர் அது. அதனால்தான் அது எனக்குக் கிடைத்தது.

சிங்கப்பூரில் மீனா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அடையாறிலிருந்து கொடுத்தனுப்பிய அப்பளக் கட்டைக் கொடுக்க வேண்டுமே. நல்ல பெண், காப்பி கொடுத்தாள். ஆனால் மெஷின் மேல் மூடியிருந்த துண்டைக் காற்று கொஞ்சம் தூக்கியது. அடியில் கலர் கலராகத் துணி. "எனக்கு வேற எடம் கீதும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அப்படி ஓர் இடமும் எனக்கு இல்லை.

வெளியே வந்து ஒரு பெரிய கட்டட வாசலில் பெட்டி மேல் உட்கார்ந்தேன். அங்கே காவல் இருந்த தலைப்பாகைக்கார சிங்கு எழுந்து வந்தார்; விரட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். பாதி மலாய், பாதி இந்தியில் ஏதோ கேட்டார். நான் கன்னத்தில் கை வைத்துத் தூங்குகிற மாதிரி காட்டி, இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஒரு டாக்ஸிக்காரத் தமிழரைக் கூப்பிட்டுப் பேசினார். "எங்கள் சீக்கியர் கோயிலில் படுக்கலாம், சாப்பிடலாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். தலையை மட்டும் மூடிக்கொள்ளச் சொல்" என்றாராம்.

கேட்கத்தான் இல்லை! என்ன ஊர், என்ன ஜாதி, என்ன வேலை, ஒரு கேள்வி கிடையாது. புடவைத் தலைப்பைத் தலையில் போட்டேன், ரொட்டியும் பருப்பும் போட்டார்கள். பெண்கள் படுக்கிற கூடத்தில் ஒரு பாய் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் எனக்கே கூச்சமாகி, கிழிந்த திரைச்சீலை ஒன்றை ஊசி நூலெடுத்துத் தைக்க உட்கார்ந்தேன். ஒரு சீக்கியப் பெண்மணி வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வாசல் பக்கம் கையைக் காட்டினாள். போய்ப் பார், போ என்று அர்த்தம். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போனேன், பார்த்தேன். ஆற்றில் முட்டி மோதுகிற படகுகளைப் பார்த்தேன். அடுக்குமாடி வீட்டு ஜன்னல்களில் மூங்கிலை நீட்டி, சட்டைக் கை வழியாகக் கோத்துத் துணி காயப்போடுவதைப் பார்த்தேன்; அக்குள் பக்கத்து ஆர்மோலை எங்கே இறுக்கியிருக்கிறார்கள் என்று கீழிருந்தே சொல்வேன். ஒரு சீனத் தையல்காரர் உடம்பை ஒட்டின கவுனுக்குக் கழுத்துப் பட்டி வைப்பதைக் கால் மணி நேரம் நின்று பார்த்தேன். உள்ளே கூப்பிட்டார். மாட்டேன் என்று கும்பிட்டேன். தெருவில் எச்சில் துப்பினால் அபராதம் என்று பயமுறுத்தினார்கள். வெற்றிலை போடுகிற எனக்கு அது ஒன்றுதான் கஷ்டமாக இருந்தது. பாண்டி பஜாரில் அப்படிச் சட்டம் போட்டால் பாதிப் பேர் ஜெயிலில், மீதிப் பேர் ஜாமீன் கொடுக்க.

திரும்புகிற கப்பலில் அந்த நாலு துணியையும் கையாலேயே தைத்து முடித்தேன். வாங்கின துணியைக் கொடுக்காமல் போனால் நான் என்ன டைலர்?

பினாங்கில் கப்பல் காலையில் நின்றது, சாயங்காலம் ஐந்துக்குக் கிளம்பும். டிரைஷா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவை ஓட்டி வந்த தமிழரிடம், "ஒரு நாள் பொழுதுதான் இருக்குங்க. இந்த ஊர்ல பாத்தே ஆகணும்னு ஒண்ணு சொல்லுங்க" என்றேன். "மலை ரயிலுதாம்மா. கயிறு கட்டி மேல இழுக்கும். வேற எதுக்கும் காசு குடுக்காதீங்க" என்றார். முதலில் வசந்தா வீட்டில் ரவிக்கைகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

வசந்தா என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. "கௌரி போன் பண்ணினா. பாதியிலே சண்டை போட்டுண்டு கெளம்பிட்டேளாமே. எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா?"

"அவமானம் எனக்கு நடந்தது. நீ அதுல பங்கு கேக்காத" என்றேன். ரவிக்கைகளை மேஜையில் வைத்தேன். "நாலும் கீது. எண்ணிக்க."

அவள் எண்ணவில்லை. ரவிக்கைகளை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "சரி, உள்ளே வாங்கோ. அடுத்தாத்துல ரெண்டு பேர் துணி குடுத்துட்டுப் போயிருக்கா" என்று ஆரம்பித்தாள்.

"தொட மாட்டேன். நான் மலைக்குப் போறேன். அந்த ரயிலு எப்படிக் கண்ணு இருக்கும்?"

"தெரியலை ரத்னாக்கா. நான் போனதில்லை."

"ஒன்பது வருஷமாவா?"

"போலாம் போலாம்னு சொல்லுவார். லீவு கிடைக்கலை." அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்த நீலச் சுவர்தான் அங்கே தெரியும். நான் நாலு நாள் பார்த்துப் புலம்பிய சுவரை அவள் ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு வந்த கோபத்தில் யார் மேல் கோபம் என்றே தெரியவில்லை.

"செருப்பப் போடு" என்றேன்.

"ஐயோ, பன்னெண்டரைக்கு அவர் சாப்பிட வருவாரே! சாதம் இன்னும் வைக்கலை."

"வைக்கலைல்ல? நல்லதாப் போச்சு, ஆறிடுமேன்னு கவலை இல்ல. அவரு ஒரு நாளு கடைல சாப்பிடட்டும். இந்த ஊரு நூடுல்ஸ் ரொம்ப நல்லாருக்குது."

"என்ன சொல்லுவேன் அவர்கிட்ட?"

"ரத்னா இழுத்துக்கினு போயிட்டான்னு சொல்லு. எனக்குத்தான் கெட்ட பேரு ஏற்கெனவே வந்தாச்சே, இதையும் சேத்துக்கறேன்."

அவள் உள்ளே போனாள். அழப் போகிறாளோ என்று நினைத்தேன். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. வீட்டுப் புடவையோடேயே வந்தாள், கதவைப் பூட்டினாள், சாவியை என்ன செய்வது என்று தெரியாமல் முழித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். "எங்க போறீங்க லா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். வசந்தா பதில் சொல்லாமல் டிரைஷாவில் ஏறி உட்கார்ந்தாள். பஸ் நிலையம் வரைக்கும் என் கையைப் பிடித்த பிடி விடவில்லை.

மலையடியில் டிக்கெட் வாங்கும்போது, "என்கிட்ட பணமே இல்லையே, எல்லாம் அவர்கிட்டதான் இருக்கும்" என்றாள். "நீங்க வெத்தலைல வச்சுக் குடுத்ததுதான்" என்று நான் கொடுத்தேன். ரயில் மாடிப்படி ஏறுவது போல ஏறியது. பாதி வழியில் இறங்கி இன்னொன்றில் மாறினோம். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஸ்லோகம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் முழங்கையால் இடித்துத் திறக்க வைத்தேன்.

மேலே குளிர்ந்தது. வசந்தா தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கம்பி ஓரம் போய் நின்றாள். கீழே ஊர் முழுக்கக் கிடந்தது, ஓட்டுக் கூரைகள், கடல், நடுவில் கப்பல்கள், அக்கரையில் இன்னொரு நாடு மாதிரி பச்சை. என் கப்பலும் தெரிந்தது, சுண்டுவிரல் நகம் அளவுக்கு. அவள் வெகு நேரம் தேடினாள்.

"எங்காத்துக் கூரை எதுன்னு தெரியலையே, ரத்னாக்கா."

"அது எங்கயும் ஓடிப் போயிடாது. நீ கடல் பக்கம் பாரு."

கீழே போகிற ரயிலுக்கு மணி அடித்தார்கள். வசந்தா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை தாண்டிவிட்டது. நான் எழுந்து, "வா, போலாமா?" என்றேன்.

"அடுத்ததுல போலாம்" என்றாள்.

அடுத்ததும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. நான் வேர்க்கடலை வாங்கி வந்து அவள் கையில் கொட்டினேன். தின்றுகொண்டே, கடலைப் பார்த்தபடி, திரும்பாமல் சொன்னாள்:

"ஊருக்குப் போனதும் எங்கம்மாவைப் பாப்பேளோல்லியோ? வசந்தா பினாங்குக்கு வந்து சேந்துட்டாள்னு சொல்லுங்கோ."